குழாய்ச் சுவரும் சுரப்பு நீரும்

நம் உடலில் இரத்தம் ஓடும் தமனிகள் உயிரற்ற ஈயக் குழாய்கள் அல்ல. அவற்றின் சுவரில் தசை உயிரணுக்கள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. அவை சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். ஒவ்வோர் உறுப்பிற்கும் வேண்டிய அளவு இரத்தம் செல்வது இத்தசையின் தொழிலாலேயே ஆகும்.

முழு வளர்ச்சி பெற்ற மனிதரிடம் இவ்வுயிரணுக்கள் பிரிந்து பெருகுவது மிக அரிது. ஆனால், புகையிலைப் புகையாலும் மிகுந்த இரத்த அழுத்தத்தாலும் குழாயின் உட்படலம் பழுதுறும்போது அவை விழித்தெழுகின்றன. பல்கிப் பெருகி உட்புறம் நகர்கின்றன. அவற்றோடு கொழுப்பும் சேர்ந்து படிய, இரத்தம் செல்லும் வழி குறுகுகின்றது. இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி இவ்வாறு அடைபட்டால் உயிருக்கே ஊறு நேரும்.

இப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவனவற்றுள் ஸ்டீராய்டு ஹார்மோன்களும் உண்டு. உடல் இவற்றைக் கொலஸ்டிரால் என்னும் பொருளிலிருந்து ஆக்குகின்றது. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்டிரோஜன், அட்ரினல் சுரப்பியில் சுரக்கும் கார்ட்டிசால் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. கொழுப்பில் கரையும் இயல்பினவாதலின், இவை உயிரணுவின் மெல்லிய படலத்தை ஊடுருவிச் செல்லும். உள்ளே, பூட்டில் திறவுகோல் பொருந்துவதுபோல், தமக்குரிய புரதத்துடன் பொருந்தும். அவ்விணைவு உட்கருவிலுள்ள மரபணுக்களுள் சிலவற்றைத் தூண்டும், சிலவற்றை அடக்கும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கப்பட்ட தசையணுக்களுக்கு ஈஸ்டிரோஜன் அளித்தபோது அவற்றின் பெருக்கம் தணிந்தது.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இதயநோய் காலந்தாழ்ந்தே வருவதையும் மருத்துவர் கண்டிருந்தனர். எனவே, மாதவிடாய் நின்ற பின் இந்த ஹார்மோனை மருந்தாக அளித்தால் இதயம் காக்கப்படும் எனப் பலர் நம்பினர். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் இந்நம்பிக்கை சோதிக்கப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர் ஈஸ்டிரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையையும், ஏனையோர் மருந்தற்ற மாத்திரையையும் உண்டனர். மருந்துண்டவர்களிடம் இதயநோய் குறையவில்லை; பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் மிகுந்தன. 2002-ஆம் ஆண்டில் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அங்ஙனமாயின், ஆய்வுத் தட்டில் கண்டது பொய்யா? அன்று. தட்டில் தசையணு தனித்திருந்தது. உடலிலோ, அதே ஹார்மோன் இரத்தம் உறையும் இயல்பையும் மார்பகத்தையும் பிற உறுப்புகளையும் மாற்றவல்லது. ஓரணுவில் விளங்கிய உண்மை முழு உடலுக்கும் பொருந்துமா என்பதைச் சோதித்தே அறிதல் வேண்டும். அறிஞர் தம் நம்பிக்கையையே சோதனைக்கு உட்படுத்தினர். அதனால் பின்வந்த பெண்கள் பலர் இடரினின்று காக்கப்பட்டனர்.