டோனட் எப்போது எண்ணெய் குடிக்கிறது?

வீட்டில் முதன்முறையாக டோனட் சுட்டவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "எண்ணெயை அப்படியே குடிச்சிருச்சு." பழி வாணலிமீது விழும், இல்லாவிட்டால் மைதாமீது. உண்மையில், வாணலிக்குள் குமிழிகள் படபடக்கும் வரை டோனட்டுக்குள் எண்ணெய் நுழைவது பெரும்பாடு. எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே போவது, அதை அரித்தெடுத்துத் தட்டில் வைத்த பிறகு வரும் ஓரிரு நிமிடங்களில்தான்.

காரணம் தண்ணீர். பிசைந்த டோனட் மாவில் மூன்றில் ஒரு பங்கு ஈரமாவது இருக்கும். அந்த மாவு 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் விழுந்ததும் மேற்பரப்பு நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு சுமார் 1,700 மடங்கு பெருகும். வாணலியில் நாம் பார்க்கும் குமிழிகள் அத்தனையும் அந்த நீராவிதான். எண்ணெய் அந்தச் சூட்டில் கொதிப்பதே இல்லை. உள்ளிருந்து வெளியே பாயும் நீராவி, எண்ணெயை வாசலிலேயே தள்ளி நிறுத்துகிறது. டோனட்டை வெளியே எடுத்ததும் ஆட்டம் மாறுகிறது. மேலோடு ஆறுகிறது, அதற்குக் கீழே இருக்கும் நீராவி குளிர்ந்து மறுபடி நீராகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் நுண்துளைகள் வழியே உறிஞ்சப்படுகிறது. உருளைக்கிழங்கு வறுவலை வைத்து 1990-களில் ஆய்வு செய்தவர்கள், எண்ணெயில் சாயம் கலந்து பார்த்து இதைக் கண்டறிந்தார்கள்.

இந்த ஆய்வெல்லாம் வருவதற்கு முன்பே நம் வீட்டுப் பெரியவர்கள் அதிரசத்தை எடுத்த சூட்டோடு இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்தார்கள். ஆறட்டும் என்று விட்டுவிட்டால் பிழிய ஒன்றும் மிஞ்சாது என்பது அவர்களுக்குத் தெரியும். பஞ்சு போன்ற டோனட்டை அப்படி அமுக்க முடியாது. எடுத்த உடனே வாணலிக்கு மேலேயே சில விநாடி வடியவிட்டு, சூடு இருக்கும்போதே காகிதத்தில் புரட்டி ஒற்றி எடுக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது ஊறிப்போகும்.

எண்ணெயின் சூடும் முக்கியம். 175-லிருந்து 190 டிகிரி வரை டோனட்டுக்கு ஏற்றது. அதற்கு மிகவும் கீழே போனால் நீராவி வலுவாகக் கிளம்பாது, மேலோடு இறுகத் தாமதமாகும், வேகவும் நேரம் பிடிக்கும். 200-ஐத் தாண்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவு. வெப்பமானி இல்லாத சமையலறையில் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கும் பழைய வழியே போதும். அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை; போட்ட கணத்தில் மேலே வந்து சிவந்துவிட்டால் அதிகம் காய்ந்துவிட்டது. தயங்காமல் மேலெழுந்து, நிதானமாக நிறம் மாறினால் அதுதான் பதம். ஒரே நேரத்தில் ஐந்தாறு போட்டால் சூடு சடாரென்று இறங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டோனட்டின் நடுவில் இருக்கும் ஓட்டைக்கு அமெரிக்காவில் ஒரு சொந்தக்காரர் உண்டு. மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் கிரெகரி என்ற கப்பல்காரர். டச்சுக் குடியேறிகள் கொழுப்பில் பொரித்துத் தின்ற இனிப்பு மாவு உருண்டைகள்தான் டோனட்டின் மூதாதை. அவை ஓரத்தில் நன்றாக வெந்து நடுவில் மாவாகவே இருக்கும். 1847-இல், தனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, கப்பலில் இருந்த மிளகு டின்னின் வட்டமான மூடியால் நடுப்பகுதியை வெட்டி எடுத்ததாக 1916-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் கிரெகரி சொன்னார். புயலில் சுக்கானைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பலகாரத்தைச் சக்கரத்தின் கம்பியில் குத்தி வைத்தார் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. சுவாரசியமான கதை, நம்பத்தான் முடியவில்லை. மிளகு டின் கதையில் ஒரு சமையல்காரரின் எரிச்சலாவது தெரிகிறது. எப்படியிருந்தாலும், மெதுவடை மாவில் ஈரவிரலால் துளை போடும் கை எதுவும் இந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டு வியக்காது.

அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. திடப்பொருளுக்குள் வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தை ஒட்டி வளரும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் நடுவை எட்ட வெப்பம் மூன்று சென்டிமீட்டர் போக வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் கொண்ட வளையத்தில் ஒன்றேகால் சென்டிமீட்டர் போனால் போதும். தோராயமாகப் பார்த்தாலும் நேரம் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. நடுவில் ஓட்டை இல்லாத, ஜாம் வைத்த ஜெர்மானியப் பெர்லினர் மட்டும் எப்படி வேகிறது என்று கேட்கலாம். அது நன்றாக உப்பிய மாவு. உள்ளே பாதிக்கும் மேல் காற்றுதான். அந்த லேசான உடம்பு எண்ணெயில் பாதி மூழ்கி, பாதி வெளியே மிதக்கும். திருப்பிப் போட்டாலும் இடுப்பில் ஒரு பட்டை எண்ணெயைத் தொடாமல் தப்பிவிடும். நல்ல டோனட்டின் நடுவே ஓடும் வெளுத்த வளையம் மாவு சரியாகப் பொங்கியதற்கு அடையாளம். அதை வேகாத இடம் என்று நினைத்து மறுபடி எண்ணெயில் அமுக்குவோரும் உண்டு, பாவம்.

மாவை உப்ப வைப்பது ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் இந்த ஒற்றைச் செல் பூஞ்சைக்கு 25 முதல் 35 டிகிரி வரை சுகமான சூடு. நம் ஊர்ச் சமையலறை ஆண்டின் பெரும்பகுதி அந்த நிலையில்தான் இருக்கிறது. குளிர்நாட்டுச் சமையல் குறிப்பு இரண்டு மணி நேரம் மூடி வைக்கச் சொன்னால், சித்திரை மாதத்தில் இங்கே ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மாவு பொங்கி நிற்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்ப்பது நல்லது. பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். 55, 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

ஈஸ்ட் வெளியிடும் வாயு தப்பி ஓடாமல் பிடித்து வைப்பது குளூட்டன். மைதாவில் உள்ள குளூட்டெனின், கிளையடின் என்ற இரு புரதங்கள் தண்ணீரில் நனைந்து, பிசையப் பிசைய ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. ஒரு சிட்டிகை மாவை எடுத்து இரு கையாலும் மெல்ல இழுத்தால், கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக விரிய வேண்டும். கோதுமை மாவில் செய்தால் தவிட்டுத் துணுக்குகள் இந்த வலையை அறுத்துக்கொண்டே இருக்கும்; கனத்த டோனட்தான் கிடைக்கும். உடலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம், எண்ணெயில் பொரித்த பிறகு!

அரை கிலோ மைதாவுக்குச் சர்க்கரை 50, 60 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், கால் லிட்டர் பால், ஒரு முட்டை, 50 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. இந்தக் கணக்கில் இனிப்புப் பலகாரத்துக்குச் சர்க்கரை மிகவும் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். கூட்டிப் போட்டால் ஈஸ்ட் திணறும். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரும் வெளியேறுகிறது, நொதித்தல் மந்தமாகிறது. கூடவே, உள்ளே சர்க்கரை அதிகமானால் வேகும் முன்பே மேலே கருத்துவிடும். டோனட்டின் இனிப்பு பெரும்பாலும் வெளிப்பூச்சாக அமைந்ததற்கு இந்த நெருக்கடிதான் காரணம்.

குலாப் ஜாமூனுக்கும் கிட்டத்தட்ட இதே நிலை. அது பொரிந்த பிறகுதான் பாகில் ஊறி இனிப்பை வாங்கிக்கொள்கிறது. அதிரசம் நேர் எதிர்த் திசையில் போன பலகாரம். பச்சரிசி மாவில் குளூட்டன் கிடையாது, உப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. எனவே வெல்லத்தைத் தாராளமாக உள்ளேயே சேர்க்கலாம். தண்ணீரில் ஒரு துளி பாகை விட்டு உருட்டிப் பார்க்கும் உருண்டைப் பதம் ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி. பாகின் கொதிநிலை, அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே உயர்கிறது. விரல் நுனி அளப்பது உண்மையில் தண்ணீரைத்தான். பதம் தவறி நீர் அதிகமானால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், குறைந்தால் கல்லாகும். அவ்வளவு சர்க்கரையில் கிருமிகளுக்கும் தண்ணீர் எட்டாது. அதனால்தான் அதிரச மாவு நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறது. பொரிக்கும் தீ மட்டும் சின்னதாக இருக்க வேண்டும், வெல்லம் சீக்கிரம் கருகும்.

ஈஸ்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு பேக்கிங் பவுடர் இருக்கிறது. மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் 1843-இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரெட் பேர்ட் உருவாக்கியது அது. சோடாவும் அமிலமும் ஈரம் பட்டதும் வினைபுரிந்து வாயு தரும். இப்படிச் செய்வதை அமெரிக்கர்கள் கேக் டோனட் என்கிறார்கள். நம் டீக்கடைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் வெட்டு கேக்கும் அந்தக் குடும்பம்தான்: மைதா, சர்க்கரை, முட்டை, சோடா, ஏலக்காய், எண்ணெயில் விழுந்ததும் வெட்டிய இடத்தில் மலர்ந்து விரியும். இந்த வகையில் மாவை அதிகம் பிசையக் கூடாது, குளூட்டன் இறுகினால் ரப்பராகிவிடும். சோடா கூடினால் சோப்பு வாடையோடு நிறமும் கறுக்கும், காரத்தன்மையில் பொன்னிறமாகும் வினை வேகமெடுப்பதால். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் அந்த வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையார்.

இதற்கெல்லாம் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. முதல் உலகப் போரில், 1917-இல், பிரான்ஸில் அமெரிக்கப் படையினருக்குப் பணிவிடை செய்யச் சென்ற சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பின் ஹெலன் பர்வியன்ஸ், மார்கரெட் ஷெல்டன் இருவரும் கையில் கிடைத்ததை வைத்து டோனட் சுட்டார்கள். ஒயின் பாட்டில்தான் பூரிக்கட்டை. சிறிய வாணலியில் ஒரு தடவைக்கு ஏழு. முதல் நாள் 150 சுட்டார்களாம். ஊர் திரும்பிய வீரர்களோடு அந்த ருசியும் அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1920-இல், ரஷ்யாவிலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய அடால்ஃப் லெவிட் டோனட் சுடும் இயந்திரத்தையே செய்துவிட்டார்.

மிஞ்சிய எண்ணெய் என்ன ஆவது? திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து, சோப்பு போன்று செயல்படும் பொருள்கள் அதில் சேர்கின்றன. எண்ணெயும் நீரும் விலகி நிற்கும் குணம் தளர்ந்து, பலகாரம் மேலும் எண்ணெய் குடிக்கிறது. சிதைவால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை, 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையம் தடை செய்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. கறுத்து, கெட்டியாகி, சீக்கிரமே புகைந்து, நுரை அடங்காமல் நின்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்த நாள் டோனட் விறைத்துப் போவதற்கு ஈரம் போய்விட்டதே காரணம் என்று நினைக்கிறோம். 1852-இல் பிரெஞ்சு வேதியியலர் பூஸாங்கோ, ஈரம் வெளியேறாமல் மூடி வைத்த ரொட்டியும் விறைப்பதைக் காட்டினார். வெந்து குழைந்த மாவுச்சத்து மெல்ல மறுபடி படிகமாவதுதான் விஷயம். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். டோனட்டை அங்கே வைப்பது மோசமான யோசனை. 60 டிகிரிக்கு மேல் சூடுபடுத்தினால் படிகம் இளகி, கொஞ்ச நேரத்துக்கு மென்மை திரும்பும். 1940-இல் சால்ட் லேக் சிட்டியில் பெல்ட்டன் சகோதரர்கள் உருளைக்கிழங்கு கலந்த டோனட்டை 'ஸ்பட்நட்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். உருளையின் மாவுச்சத்து நீரைப் பிடித்து வைப்பதால் அது கூடுதல் நேரம் மெத்தென்று இருந்தது. மசித்த கிழங்கு ஒரு கைப்பிடி சேர்த்தால் வீட்டிலும் அதே பலன் கிடைக்கும்.

கடைசியில் சர்க்கரை. பொடித்த சர்க்கரையைச் சில கரண்டி பாலில் குழைத்து, இளஞ்சூட்டில் இருக்கும் டோனட்டை முக்கி எடுத்தால் பூச்சு மெல்லிய கண்ணாடிபோல் படியும். ஆறியதில் முக்கினால் தடித்து வெள்ளையாக நிற்கும். வெறும் பொடியைத் தூவுவதானால் முழுக்க ஆறவிட வேண்டும், உள்ளிருந்து வரும் ஆவி சர்க்கரையைக் கரைத்துவிடும். பெரிய பேக்கரிகள் இதற்காகவே கொழுப்புப் பூச்சிட்ட டெக்ஸ்ட்ரோஸ் தூளை வாங்குகின்றன. அது நாக்கில் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் லேசாகச் சில்லென்று இருக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில், வீட்டுச் சர்க்கரைப் பொடி காற்றின் ஈரத்திலேயே பிசுபிசுக்கும். அங்கே பட்டைத்தூள் கலந்த, சற்றே பெரிய மணிகளாக உள்ள சர்க்கரை மேல். அதையும் தட்டை மேசைக்குக் கொண்டுபோகும்போது தூவினால் போதும்.