ஃப்ரின்ஜ் கட் உங்க முகத்துக்கு செட் ஆகுமா? பார்லர் சேரில் உட்காரும் முன் இதைப் படிங்க!

நெற்றியில் விழும் முன்முடியை இன்று பேங்ஸ், ஃப்ரின்ஜ் என்கிறோம். வீட்டில் பாட்டியைக் கேட்டால் 'சாதனா கட்' என்று சொல்லக்கூடும். 1960-ல் வெளியான 'லவ் இன் சிம்லா' இந்திப் படத்தில் நடிகை சாதனா வைத்திருந்த ஸ்டைல் அது. அவருடைய நெற்றி கேமராவில் அகலமாகத் தெரிந்ததால், ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் பாணியில் முன்முடியை வெட்டிவிட்டார்கள். நெற்றியை மறைக்கப் போட்ட கட், அவர் பெயரிலேயே நாடு முழுக்கப் பரவியது.

ஆனால் அது சாதனாவின் நெற்றிக்காக யோசித்து வெட்டியது. இன்ஸ்டாவில் பார்த்த போட்டோவைக் காட்டி 'அப்படியே இதே மாதிரி' என்று கேட்கும்போதுதான் சிக்கல். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். புருவத்துக்கு மேலே போய்விட்ட முடி கன்னம் வரை வர அரை வருஷம் ஆகலாம்.

முகத்தின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முடியை முழுசா பின்னால் இழுத்துக் கட்டுங்க. செல்ஃபி வேண்டாம். போன் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் மூக்கும் முகத்தின் நடுப்பகுதியும் பெரிதாகத் தெரியும். யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்க. நெற்றி, கன்ன எலும்பு, தாடை மூன்றில் எது அகலம், முகம் எவ்வளவு நீளம் என்பது அதில் தெரிந்துவிடும்.

வட்ட முகத்துக்கு, நேர்கோடாக வெட்டிய அடர்த்தியான ஃப்ரின்ஜ் வேண்டாம். அது முகத்தின் உயரத்தைக் குறைத்து இன்னும் வட்டமாகக் காட்டும். நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் கன்ன எலும்பு வரை இறங்கும் 'கர்ட்டன் பேங்ஸ்' எடுக்கலாம். நெற்றியின் நடுப்பகுதி திறந்திருப்பதால் முகம் கொஞ்சம் நீளமாகத் தெரியும். தினமும் பொட்டு வைக்கிறவங்களுக்கும் இதுதான் வசதி!

நீளமான முகத்துக்கு நேர் எதிர். புருவம் வரை வரும் முழு ஃப்ரின்ஜ் இவர்களுக்குத்தான் பொருந்தும். தாடை அகலமான சதுர முகம் என்றால், நுனி மெலிதாக, ஓரங்கள் வளைந்து இறங்குகிற மாதிரி கேளுங்க. நெற்றி அகலம், தாடை கூர்மை என்றால் சைடு ஃப்ரின்ஜ். ஓவல் முகக்காரர்களுக்கு எதுவும் ஓகே, கொடுத்து வைத்தவர்கள்.

முகத்தைவிட முக்கியம் முடி

முக வடிவ சார்ட்டுகள் சொல்லாத விஷயம் இது. நம்ம ஊரில் நிறைய பேருக்கு அலை முடி அல்லது சுருட்டை முடி. ஈரத்தில் நீளமாகத் தெரியும் முடி, காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறிவிடும். அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு பார்லரில் என் தலையை நனைத்துவிட்டுத்தான் வெட்டினார்கள். புருவத்தில் நின்ற முடி, வீட்டுக்கு வந்து காய்ந்ததும் பாதி நெற்றிக்குப் போய்விட்டது. ஆல்பம் முழுக்க நான் ஹேர்பேண்டோடுதான் இருக்கிறேன்.

அதனால் சுருட்டை முடி என்றால், காய்ந்த நிலையில், அதன் இயல்பான சுருளோடு வெட்டச் சொல்லுங்க. முதல் தடவை மூக்கு நுனி வரை மட்டும் வெட்டிப் பாருங்க. குறைக்க வேண்டுமானால் அங்கேயே உட்கார்ந்து குறைத்துக்கொள்ளலாம். நெற்றியின் முன்வரிசையில் சுழி இருந்தால் ஃப்ரின்ஜ் அந்த இடத்தில் பிளந்து நிற்கும். அதையும் முதலிலேயே காட்டிவிடுங்க.

அடுத்தது வியர்வை. ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அடர்த்தியான ஃப்ரின்ஜ் காலை பத்து மணிக்கே நெற்றியோடு ஒட்டிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால், அந்த முடி படும் இடத்தில் பரு வரலாம். எண்ணெய் வைக்கும் நாளில் ஃப்ரின்ஜை கிளிப் போட்டு மேலே ஏத்திடுங்க. முழுத்தலையும் குளிக்க நேரமில்லை என்றால், மற்ற முடியைக் கட்டிக்கொண்டு முன்முடியை மட்டும் வாஷ்பேசினில் அலசினாலே போதும்.

பராமரிப்புச் செலவையும் கணக்கில் சேருங்க. முழு ஃப்ரின்ஜ் மூன்று, நான்கு வாரத்தில் கண்ணைக் குத்த ஆரம்பிக்கும், ட்ரிம் பண்ணணும். கர்ட்டன் பேங்ஸில் இந்தத் தொல்லை குறைவு. வளர்ந்தால் மற்ற முடியோடு கலந்துவிடும்.

இன்னும் தயக்கமா? முடியை உச்சியில் தூக்கி போனிடெயில் போட்டு, அதன் நுனியை முன்னால் இழுத்து நெற்றியில் விட்டு, கிளிப் குத்திப் பாருங்க. நேராகவும் விடலாம், சைடாகவும் ஒதுக்கலாம். ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்து பாருங்க. சாயங்காலத்துக்குள் பத்து தடவை கையால் ஒதுக்கியிருந்தால், கத்தரியைத் தள்ளிப் போடலாம்.