மட்டாஞ்சேரி: அரண்மனைக்கு அடுத்த வீடு

கொச்சிக்குச் செல்வோர் பலரும் சீன வலைகளைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அந்நகரை அறிய விழைவோர் திருப்பூணித்துறையில் தொடங்கி மட்டாஞ்சேரிக்குச் செல்வதே முறை என்பது நம் கருத்து. திருப்பூணித்துறை, கொச்சி அரச குடும்பத்தின் ஊர். 1865இல் எழுந்த ஹில் பேலஸ் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே மணிமுடியைக் கண்டபின், அம்முடிக்குச் செல்வம் சேர்த்த துறைமுகத்தை நோக்கி மேற்கே பயணப்படலாம்.

அத்துறைமுகம் வெள்ளம் தந்த கொடை. 1341இல் பெரியாறு பெருக்கெடுத்தபோது பழைய முசிறித் துறை தூர்ந்தது. தெற்கே கொச்சியில் கடல்வழி திறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். மிளகைத் தேடி அரபியர், சீனர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் என வந்தவர் பலர்.

மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்த்துகீசியர் 1555 அளவில் கட்டி, அரசர் வீரகேரளவர்மருக்கு அளித்தனர். கோயில் ஒன்றைச் சூறையாடியதற்கு ஈடாகத் தரப்பட்டது என்பர். பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கட்டியவர் பெயர் மறைந்தது! பள்ளியறைச் சுவர்களில் உள்ள இராமாயண ஓவியங்களை நின்று நிதானமாகக் காண வேண்டும்.

அரண்மனைக் கோயிலை ஒட்டியே, ஒரு சுவரே இடையாக, 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஜெப ஆலயம் நிற்கிறது. கொடுங்கல்லூரில் வாழ இயலாது வந்த யூதர்களுக்குத் தம் அரண்மனைக்கு அருகிலேயே அரசர் நிலம் கொடுத்தார். 1662இல் போர்த்துகீசியர் ஆலயத்தைச் சிதைத்தனர். டச்சுக்காரர் ஆட்சியில் அது மீண்டும் எழுந்தது. தரையில் பதித்த நீலவெண் ஓடுகள் சீனத்திலிருந்து வந்தவை, கையால் தீட்டப்பட்டவை.

ஆலயத்தின் தலையாய செல்வம் செப்பேடுகளே. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் அஞ்சுவண்ணத்து வணிகர் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய உரிமைகள் அவற்றில் உள்ளன: வரிவிலக்கு, பல்லக்கு, குடை, பகல்விளக்கு எனப் பல. எழுத்து, நம் கல்வெட்டுகளிலும் காணும் வட்டெழுத்து. கடல் கடந்து வந்த வணிகக் குடியின் உரிமையை அழியாத உலோகத்தில் எழுதிக் கொடுத்த ஆவணம் அது.

எனினும் இக்கதை முழுவதும் இனிமையானது அன்று. விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு அதே ஆலயத்தில் சமமான இடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அக்குடியில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்தியடிகளின் வழியில் சத்தியாகிரகம் செய்த பின்னரே கதவு சிறிது சிறிதாகத் திறந்தது.

1948க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். உள்ளூரில் அந்த எண்ணிக்கை இன்று இல்லை. தெருவில் வாசனைப் பொருள் கடைகளும் பழம்பொருள் கடைகளும் மிகுந்துள்ளன. (விலையைக் கேட்டவுடன் பணப்பையைத் திறத்தல் வேண்டா.)

பயண நாளைத் தேர்வதில் கவனம் தேவை. ஹில் பேலஸ் திங்களன்றும், மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளியன்றும், ஜெப ஆலயம் சனியன்றும் மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாள்களையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

நேரமிருப்பின் ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியிலுள்ள தோபி கானாவுக்கும் சென்று வரலாம். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டதாகச் சொல்லும் தமிழ்க் குடும்பங்கள், இன்றும் அங்கே துணி வெளுத்துக் கஞ்சியிட்டு வெயிலில் உலர்த்துகின்றன. அங்கு நாம் தமிழிலேயே பேசலாம்.