நஞ்சுக்கொடியின் ஜாப் ஒர்க்

பொங்கலூர்க்காரர்களுக்கு ஜாப் ஒர்க் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் வேறோரிடம் என்று கைமாறித்தான் பெரும்பாலான பனியன் உருவாகிறது. கர்ப்பிணியின் வயிற்றிலும் அப்படியொரு தொழில் நடக்கிறது. நடத்துவது, பிரசவம் முடிந்ததும் நாம் குழிதோண்டிப் புதைக்கும் நஞ்சுக்கொடி.

முதல் சரக்கு எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன். கரு கருப்பையில் ஒட்டியதுமே, நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் இதைச் சுரக்கின்றன. சிறுநீர்ச் சோதனையில் இரண்டாவது கோடு விழுவது இதனால்தான். சினைப்பை புரோஜெஸ்டிரான் சுரப்பதை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை; அது நின்றால் கரு தங்காது. எட்டு, ஒன்பது வாரத்தில் நஞ்சுக்கொடியே அந்தப் பொறுப்பை ஏற்கும். தாயின் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலே மூலப்பொருள். கடைசி மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 250 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் தயாராகும்.

ஈஸ்ட்ரோஜனில்தான் ஜாப் ஒர்க். அதற்குத் தேவையான ஒரு நொதி நஞ்சுக்கொடியில் இல்லை. அந்த வேலையைச் சிசுவின் அட்ரினல் சுரப்பி செய்கிறது. சிசுவின் கல்லீரல் இன்னொரு மாற்றம் செய்து திருப்பி அனுப்ப, நஞ்சுக்கொடி முடித்துத் தாய்க்குக் கொடுக்கிறது. இப்படி வருவது எஸ்ட்ரியால். மருத்துவ நூல்கள் இந்தக் கூட்டணியை அழைப்பதும் 'யூனிட்' என்றுதான்.

நஞ்சுக்கொடி சுரக்கும் இன்னொரு ஹார்மோன் லாக்டோஜன். குழந்தைக்குச் சர்க்கரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்க, தாயிடம் இன்சுலினின் வேகத்தை இது மட்டுப்படுத்தும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். முடியாதபோது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்வது அதற்காகவே. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய இம்முறைக்கு வெறும் வயிறு தேவையில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனிக்க வேண்டும்.

"போன தடவை பார்த்தப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு, மறுபடியும் எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நஞ்சுக்கொடி வளர வளர லாக்டோஜனும் ஏறும். அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு சோதனை.

பிரசவத்தில் அரைக்கிலோ எடையுள்ள கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரான் சரிகிறது. அதுவரை சீம்பாலோடு நின்ற மார்பில் இரண்டு, மூன்று நாளில் பால் கட்டுகிறது. சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனாலும் ஆறு வாரம் கழித்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது: யூனிட்டை மூடினாலும் கணக்கை முடிக்க வேண்டுமல்லவா?