பருவம் அறிந்து பயணம் செய்வோம்

ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம், ஆடி காற்றடிக்கும் காலம், மார்கழி பனி பெய்யும் காலம் என்று நாம் இளமையிலேயே கேட்டு வளர்ந்தோம். பிழைப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று பல நகரங்களில் வந்து குடியேறிய பின்னரும் இந்தக் கணக்கு நம் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை. ஆனால், நாம் இப்போது வாழும் இடங்களின் வானம் இந்தக் கணக்குக்கு உட்பட்டதன்று. சென்னையில் குடையின்றி வெளியே செல்ல இயலாத ஐப்பசி மாதத்தில்தான் இமயமலையின் சிகரங்கள் மேகமின்றித் துலங்குகின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்கள் மழைக்கு ஏங்கி நிற்கும் ஆடி மாதத்தில் மும்பையை அடுத்த மலைகளில் இரவும் பகலும் மழை கொட்டுகிறது.

இந்த வேறுபாட்டை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விடுமுறை பெரும்பாலும் ஊர்த் திருவிழாவுக்கும் உறவினர் திருமணத்துக்குமாகச் செலவாகிவிடுகிறது. எஞ்சுவன நான்கைந்து நாட்களே. அந்த நாட்களில் மலையேறவும், ஆற்றில் படகு செலுத்தவும், கடலில் மூழ்கிப் பார்க்கவும் நம் இளைஞர்கள் ஆர்வத்தோடு புறப்படுகிறார்கள். இது மகிழ்ச்சிக்கு உரியதே. ஆனால் அவர்களுள் பலர் முதலில் விடுமுறையைப் பார்க்கிறார்கள். பிறகு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பருவத்தை இறுதியில்தான் விசாரிக்கிறார்கள். இந்த வரிசை மாறவேண்டும். விடுமுறை எந்த மாதத்தில் கிடைத்தாலும் அம்மாதத்திற்கு ஏற்ற இடம் ஒன்று இப்பரந்த நாட்டில் இருக்கவே செய்கிறது. தவறான மாதத்தில் சென்றவர்களுள் சிலர் திரும்பி வரவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

காற்றும் மழையும் வரும் வழி

தென்மேற்குப் பருவக்காற்று வழக்கமாக ஜூன் 1-ஆம் நாள் வாக்கில் கேரளக் கரையைத் தொடுகிறது. ஜூன் 11 வாக்கில் மும்பையையும் கொல்கத்தாவையும், ஜூன் 27 வாக்கில் தில்லியையும் அடைகிறது. ஜூலை 8-க்குள் நாடு முழுவதையும் தழுவிவிடுகிறது. செப்டம்பர் 17 வாக்கில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கி, அக்டோபர் நடுவில் நாட்டை விட்டு நீங்குகிறது. அது நீங்கிய பின் வடகிழக்குப் பருவக்காற்று தமிழகத்திற்கு மழை கொணர்கிறது. இவை பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு வானிலைத் துறையார் வகுத்த நாட்கள். ஓர் ஆண்டில் சில தினங்கள் முன்னும், மற்றோர் ஆண்டில் சில தினங்கள் பின்னும் அமையலாம்.

மழை மேகங்கள் இமயத்தின் தென்சரிவில் மோதி அங்கேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகின்றன. மலைத்தொடருக்கு அப்பால் உள்ள லடாக்கும் ஸ்பிதியும் அதனால் வறண்ட நிலங்களாயின. லே நகரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். மும்பையில் சாந்தாகுருஸ் பகுதியில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் பெய்த மழை 94 சென்டிமீட்டர். இவ்விரண்டு எண்களையும் மனத்தில் கொண்டால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் எத்திசை நோக்கிச் செல்லவேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை

ஜனவரியில் பனியின் மீது நடக்க விரும்புவோருக்கு உத்தராகண்டத்தின் கேதார்காந்தா ஏற்றது. உயரம் ஏறத்தாழ 12,500 அடி. டேராடூனிலிருந்து ஒரு பகல் சாலைப் பயணத்தில் சாங்க்ரி என்னும் சிற்றூரை அடைந்து, அங்கிருந்து நடக்கலாம். தில்லித் தமிழர்களுக்கு இது எட்டும் தொலைவே. இதே மாதத்தில் லடாக்கின் ஸான்ஸ்கார் ஆறு உறைந்து, அதன் மீது மனிதர் நடந்து செல்லும் ‘சாதர்’ பயணம் புகழ் பெற்றது. ஆனால் அங்கு இரவுக் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே இருபது பாகைக்கும் மேல் இறங்கும். பனியை முதன்முறையாகக் காண்போர் அதனைப் பிறிதோர் ஆண்டுக்கு ஒத்திவைப்பதே நன்று.

பிப்ரவரியில் அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற ஹாவ்லாக் தீவில், பயிற்சியாளர் துணையோடு ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை மூழ்கிப் பவளப் பாறைகளைக் காணலாம். நீந்தத் தெரியாதவரும் இதில் ஈடுபட இயலும். ஆஸ்துமாவும் இதய நோயும் உடையோர் மருத்துவர் சம்மதமின்றி இறங்கலாகாது. மூழ்கி எழுந்த பின் ஒரு நாள் கழித்தே விமானம் ஏறவேண்டும் என்பது பலர் அறியாத விதி. ஆழத்தின் அழுத்தத்தில் குருதியில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேறு முன் விமானத்தில் உயரே சென்றால், அது குமிழிகளாகி உடலுக்குக் கேடு விளைவிக்கும்.

மார்ச் மாதத்திற்கு ரிஷிகேசத்தின் கங்கை உரியது. காற்றடைத்த ரப்பர் படகில், மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து, ஷிவ்புரியிலிருந்து ரிஷிகேசம் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சுழல்களைக் கடந்து வரலாம். மே இறுதியில் பனி உருகி ஆற்றில் வேகம் மிகுகிறது. மழைக்காலமாகிய ஜூலையிலும் ஆகஸ்டிலும் படகுகள் நிறுத்தப்படுகின்றன.

மார்ச்சில் நாம் தவிர்க்க வேண்டியது தென்னாட்டு உலர்காடு. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத் தீயில் மலைநடைக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புல் காய்ந்து காற்றும் எழும் அம்மாதங்களில் வனத்துறையார் பாதைகளை மூடினால், அது நம்மைக் காக்கவே என்று கருதி வேறு திசை நோக்குவோமாக.

ஏப்ரலும் மே மாதமும்

கொல்கத்தாவில் வாழும் நம்மவருக்கு ஏப்ரல் மாதத்தில் சந்தக்ஃபூ காத்திருக்கிறது. மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடமாகிய அது ஏறத்தாழ 11,900 அடி உயரம் உடையது. மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து மூன்று நாட்கள் நிதானமாக நடக்கலாம். வழியெங்கும் ரோடோடென்ட்ரான் மரங்கள் செந்நிறப் பூக்களைச் சொரிந்து நிற்கும். உலகின் ஐந்து உயர்ந்த சிகரங்களுள் எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் நின்று காணும் பேறு அங்குக் கிடைக்கிறது. பிற்பகலில் மூட்டம் கவிந்துவிடுவதால், காண விரும்புவோர் விடியற்காலையில் எழவேண்டும்.

மே மாதம் பள்ளி விடுமுறைக் காலம். பலர் தாயகம் செல்வர். இளைஞருள் ஒரு சிலரேனும் இம்மாதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். டென்ஸிங்கும் ஹில்லரியும் 1953-இல் எவரெஸ்டை வென்றதன் நினைவாக மறு ஆண்டே டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. டென்ஸிங்கே களப்பயிற்சித் தலைவராக அமர்ந்தார். 1965-இல் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் நிறுவப்பெற்றது. கயிற்றைக் கையாளவும், பனியில் விழுந்தால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளவும் இங்கு முறையாகக் கற்பிக்கிறார்கள். நான்கு வாரங்கள் நீளும் அடிப்படைப் பயிற்சிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

சமவெளியில் கோடை என்பதால் மலையிலும் கோடை என்று எண்ணுதல் கூடாது. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டத்தின் சஹஸ்திரதால் ஏரிக்குச் சென்ற கர்நாடக மலைநடைக் குழுவினர் பனிப்புயலில் சிக்கினர். ஒன்பது பேர் உயிரிழந்தனர். தில்லி வெயிலில் வெந்துகொண்டிருந்த அதே வாரம் அது.

மழைக்கால மாதங்கள்

ஜூன் இறுதியில் மணாலியை அடுத்த ஹம்தா கணவாய் திறக்கிறது. உயரம் ஏறத்தாழ 14,000 அடி. ஒரு புறம் குலு பள்ளத்தாக்கின் பசுமை; கணவாயைக் கடந்தவுடன் லாஹுல் நாட்டின் புல்லற்ற மலைகள். மழையைத் தடுத்து நிறுத்தும் சுவர் என்று நாம் பாடநூலில் படித்ததை இங்கு ஒரே நாளில் கண்ணால் காணலாம்.

ஜூலையில் தொலைதூரம் செல்லாமலே மகிழக்கூடியவர் மும்பை, புணே நகரத் தமிழர்கள். சஹ்யாத்ரி மலைகளும் பழைய கோட்டைகளும் அருவிகளால் நிறைந்திருக்கும். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கல்சுபாய் ஏறத்தாழ 5,400 அடி உயரமே. செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் அமைந்துள்ளன. கசாரா வரை புறநகர் ரயிலிலும் அப்பால் சாலை வழியாகவும் சென்று, விடியலில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம்.

ஆனால், நாம் கூறும் எச்சரிக்கைகளுள் மிக முக்கியமானதும் இந்த ஜூலையைப் பற்றியதே. 2023 ஜூலை 19 இரவு, ராய்கட் மாவட்டத்து இர்ஷால்கட் கோட்டையின் அடியில் இருந்த இர்ஷால்வாடி என்னும் சிற்றூர் மண்சரிவில் புதையுண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, மலையை நன்கு அறிந்த மக்களுக்கே அக்கதி நேர்ந்தது என்றால், ஒரு நாள் விருந்தினராகச் செல்லும் நாம் எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும்! வானிலைத் துறையார் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் மலைக்குச் செல்லாதீர்கள். அருவியின் அடியில் நின்று படம் எடுக்கும் வேளையில், மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கக்கூடும்.

ஆகஸ்டில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குச் சிறந்தது. கிராமத்து வீடுகளிலேயே தங்கி, அவர்கள் அளிக்கும் உணவை உண்டு நடக்கலாம். லே நகரமே ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருப்பதால், விமானத்தில் இறங்கியவுடன் இரண்டு நாட்கள் ஓய்வு கொள்வது கட்டாயம் என்று கருதவேண்டும். வறண்ட நாடாயினும் மேகவெடிப்பு அங்கும் நேர்வதுண்டு. 2010 ஆகஸ்ட் 6 பிறந்த இரவில் லேயில் பெருகிய வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகையால் ஓடைப்படுகையில் கூடாரம் அடிக்கலாகாது.

செப்டம்பரில் ஸ்பிதி. சிம்லா, கின்னோர் வழியாகச் சிறிது சிறிதாக உயரம் ஏறிச் சென்று, குன்ஸும் கணவாய் வழியாகத் திரும்புவதே உடலுக்கு இசைந்த முறை. மழையால் கின்னோர்ச் சாலை தடைப்படுவதுண்டு. ஆதலால் மாதத்தின் பிற்பாதி மேல்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

மழையால் கழுவப்பெற்ற வானம் அக்டோபரில் தெளிந்து நிற்கிறது. சிக்கிமின் யுக்சோம் என்னும் ஊரிலிருந்து கோயேச்சா கணவாய் நோக்கிச் செல்லும் பயணத்தை இம்மாதத்தின் தலையாய பயணம் எனலாம். 2016-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவின் ஊடே ஒரு வாரத்திற்கு மேல் நடக்கவேண்டும். கணவாயின் உயரம் ஏறத்தாழ 16,200 அடி. ஆதலால் இது முன் அனுபவம் உடையோருக்கே உரியது. தெளிந்த வானம் தெளிந்த பாதைக்கு உறுதியாகாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டத்தின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், பயிற்சி பெற்றுவந்த மலையேறுவோர் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பனிச்சரிவு கொண்டுசென்றது. புதுப்பனி படிந்த சரிவுகளைக் கற்றவரும் அஞ்சியே கடக்கவேண்டும்.

நவம்பரில் இமாசலத்தின் பீர்-பில்லிங். ஏறத்தாழ 8,000 அடி உயரத்திலுள்ள பில்லிங்கிலிருந்து துணிச்சிறகில் மிதந்து, கீழேயுள்ள பீர் கிராமத்தில் இறங்கலாம். 2015-இல் இவ்விளையாட்டின் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று இங்கு நடைபெற்றது. நம்மோடு பறக்கும் வல்லுநரின் உரிமச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று.

டிசம்பரில் மேகாலயம். மழைக்குப் பெயர்பெற்ற இம்மாநிலத்தின் அழகு மழையற்ற மாதங்களில்தான் நமக்கு எட்டுகிறது. அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளில் மழைக்காலத்தில் நீர் புகுந்துவிடும். ஜைந்தியா மலையிலுள்ள லியாத் பிரா என்னும் குகை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதற்குள் வழிகாட்டியின்றிச் செல்லுதல் தகாது. குகையில் புக அஞ்சுவோர் நொங்ரியாத் கிராமத்திற்கு ஆயிரக்கணக்கான படிகள் இறங்கி, உயிருள்ள மரவேர்களால் காசி மக்கள் வளர்த்த ஈரடுக்குப் பாலத்தைக் காணலாம். இறங்கிய படிகளை மீண்டும் ஏறவேண்டும் என்பதை நினைவில் கொள்க.

புறப்படு முன்

எம்மாதத்துக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. 10,000 அடிக்கு மேல், இன்று உறங்கும் இடம் நேற்று உறங்கிய இடத்தினும் 1,500 அடிக்கு மேல் உயர்ந்திருத்தல் கூடாது. தலைவலியும் குமட்டலும் தோன்றினால் அதற்கு மேல் ஏறாதீர்கள். மூச்சுத் திணறலோ நடையில் தடுமாற்றமோ கண்டால், நள்ளிரவாயினும் கீழே இறங்குவதே மருந்து. செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். அவர்களிடமும் ஒரு சொல் கூறிவைப்பது நலம். உள்ளூர் வழிகாட்டியின் மொழி நமக்கு அரைகுறையாகவே புரியலாம். ஆயினும் அவர் வானத்தைப் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், கட்டிய பணத்தை எண்ணி அவரை வற்புறுத்தாமல் திரும்பிவிடுங்கள்.

நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். தம் நிலத்தின் காற்றையும் மழையையும் கூர்ந்து நோக்கி அவர்கள் வகுத்த கணக்கு அது. நாம் குடியேறிய நிலத்தையும் அதே கூர்மையோடு நோக்குவோமாயின், அவர்கள் வழி நின்றவர்கள் ஆவோம். வரும் விடுமுறை எந்த மாதத்தில் என்று இன்றே பாருங்கள். அம்மாதத்தின் வானம் எங்கே தெளிந்திருக்கும் என்று விசாரியுங்கள். அதன் பிறகு பயணச் சீட்டை வாங்குங்கள்.