வீட்டுத் தடாகத்து அல்லி: வெயிலும் நிழலும்

கல்லடியில் வீட்டு வளவிலே சிறு தடாகம் அமைத்து அல்லி வளர்ப்போர், பங்குனி கழிந்து வெயில் ஏறியதும் இலைகளின் ஓரம் பழுப்பேறிக் கருகுவதைக் காண்பர். வெயிலே காரணமெனக் கருதித் தடாகத்தின் மேல் கிடுகுப் பந்தல் இடுவோர் பலர். பந்தலின்கீழ் இலைகள் பசுமையாகவே வரும். பூ மட்டும் வாராது.

அல்லி வெயிலுக்கு அஞ்சும் செடியன்று. படுவான்கரைக் குளங்களில், நிழலே இல்லாத வெட்டவெளியில், அது செழித்துப் பூப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1986ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீலோற்பலம் காலையில் விரிந்து பிற்பகலிற் கூம்பும். வெள்ளாம்பலும் செவ்வல்லியும் இரவில் விரிவன. இரவிற் பூப்பதற்கு வெயில் எதற்கு என்று கேட்பாருமுண்டு. எப்பொழுது விரியும் பூவாயினும், அதற்கு வேண்டிய உணவை இலை பகல் வெளிச்சத்திலேயே ஆக்குகின்றது. ஆகவே நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணித்தியாலமாவது நேர் வெயில் படுதல் வேண்டும். அது குறைந்தால் இலைக்காம்பு நீண்டு, மொட்டு அருகிவிடும்.

அப்படியாயின் இலை கருகுவதேன்? முதலாவது காரணம் நீரின் ஆழக்குறைவு. குளத்துநீர் மெல்லச் சூடேறி மெல்லத் தணியும். ஓர் அடிக்கும் குறைந்த ஆழமுள்ள தொட்டியோ, மணலின்மேல் வைத்த கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தொட்டியோ நண்பகலுக்குள் கொதித்துவிடும். தொட்டியை நிலத்துள் விளிம்புவரை புதைத்து, நடுகைச் சட்டியின் மேல் ஒன்று முதல் ஒன்றரை அடி நீர் நிற்கச் செய்யுங்கள். செடி நெருங்கி நீருக்கு மேலே எழும்பிய இலைகளும் காய்ந்துபோகும். கிழங்கைப் பிரித்து நட்டால் அது நீங்கும்.

இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. கல்லடி, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டு. வறட்சிக் காலத்தில் இங்குள்ள சில கிணறுகளின் நீர் உவர்ப்பேறுகின்றது. கச்சான் காற்று வீசும் நாட்களில் தடாகத்து நீர் விரைவாக ஆவியாகும், உப்போ ஆவியாவதில்லை. நாளொன்றுக்குக் கால் அங்குலம் நீர் குறைவதாகக் கொள்வோம். பத்து வாரத்தில் பதினேழரை அங்குலம் கிணற்றுநீரை நீங்கள் புதிதாக ஊற்றியிருப்பீர்கள். ஒன்றரை அடித் தடாகமாயின் அதிலுள்ள உப்பு ஏறக்குறைய இருமடங்காகிவிடும். அல்லி நன்னீர்ச் செடி, அதனைத் தாங்காது. முதிர்ந்த இலைகளின் விளிம்பிலிருந்து கருகல் உள்நோக்கிப் படருமாயின் உப்பையே முதலில் ஐயுறுங்கள். பந்தல் இதற்கு மருந்தாகாது. இரு வாரத்துக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கு நீரை இறைத்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, கிடைக்கக்கூடிய மிக நல்ல நீரை மாலையில் நிரப்புங்கள். கூரையிலிருந்து சேமித்த மழைநீர் இருந்தால் அதுவே சிறந்தது. வாவிநீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

இனி நிழலைப் பற்றி. கல்லடியில் ஏப்ரில் நடுப்பகுதி தொடக்கம் ஆகஸ்ட் முடிவு வரை நண்பகற் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே செல்லும். எனவே தடாகத்துக்குத் தெற்கேயுள்ள வீட்டுச் சுவர் அம்மாதங்களில் நிழல் தராது. வெளிச்சம் குறைந்த மார்கழி மழைக்காலத்திலேதான் அது நிழல் தரும். அவ்வாறான இடத்தைத் தவிருங்கள். எழுவான் திசை திறந்திருந்து, காலை வெயில் பிற்பகல் ஒருமணி வரை விழும் இடமே உகந்தது. கடுங்கோடையில் நிழல் வேண்டுமாயின் மேலே பந்தல் இடாது, மேற்குப் பக்கத்தில் ஆளுயரக் கிடுகுத் தட்டியொன்றை நிறுத்துங்கள். பிற்பகல் வெயிலோடு கச்சான் காற்றையும் அது தடுக்கும். நீர் வற்றுவதும் குறையும். பூவரசு நிழல் தருமெனினும் அதன் சருகு நீரில் விழுந்து அழுகும். பத்து அடிக்கு அப்பால் நிற்பதாயின் தடையில்லை.

நிழல் வேண்டுவது நீருக்கேயன்றி இலைக்கன்று. நீர்ப்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கை அல்லியிலை மூடினால் நீர் குளிரும், பாசியும் அடங்கும். அதனையும் மிஞ்சினால் பழுத்த இலைகளை அகற்றுக. நுளம்புக் குடம்பிகளை உண்பதற்கு விட்ட கப்பி மீன்களுக்கும் இது உதவி. ஒரு லீற்றர் நீர் 20 பாகைச் சூட்டில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரையே கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்குமாயின், அழுகிய இலைகளை நீக்கிச் சிறிது நீரை மாற்றுங்கள். டெங்கு பரவும் மாவட்டத்தில் மீனில்லாத தடாகம் வைத்திருத்தல் தகாது.

புதிய சீமெந்துத் தொட்டியானால், நடுவதற்கு முன் பலமுறை நீர் நிரப்பி வெளியேற்றிச் சுண்ணக் காரத்தைப் போக்குங்கள். சட்டிக்கு வயற் களிமண்ணே ஏற்றது; நன்கு மக்கிய எருவைச் சிறிதளவு அடியில் மட்டும் இடுக. ஐப்பசி மழை தொடங்கியதும் பழைய நீரை முற்றாக இறைத்து, மழைநீரால் தடாகத்தை நிரப்பலாம்.