உங்களுக்குத் தெரியுமா? எந்தக் கட்டத்தில் கட்டினாலும் நட்டம் ஒன்றுதான்!

வழக்கமான ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் ஒரே எண்ணில் கட்டினாலும் சரி, சிவப்பில் கட்டினாலும் சரி, 100 ரூபாய்க்குச் சராசரி நட்டம் 2 ரூபாய் 70 காசு.

• ஒற்றை எண்ணுக்கு 35 மடங்கு, அடுத்தடுத்த இரண்டுக்கு 17, நான்கு எண்கள் கூடும் மூலைக்கு 8, சிவப்பு கறுப்புக்கு ஒன்றுக்கு ஒன்று. கணக்கு 36 எண்களுக்கு. சக்கரத்தில் இருப்பதோ 37. அந்தப் பச்சைப் பூஜ்யம்தான் முதலாளிக்குப் படியளக்கிறது!

• இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் நட்டம் 5.26 ரூபாய். அதிலும் 0, 00, 1, 2, 3 ஐந்துக்கும் சேர்த்துக் கட்டுவது படுமோசம்: 7.89.

• சிவகாசியில் தரைச்சக்கரம் சுற்றலாம். ரூலெட் சக்கரம் சுற்றினால் 1930-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பாயும். லாட்டரிக்கும் 2003 முதல் தமிழகத்தில் தடை.

• கோவாவில், மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோக்களுக்கு அரசே உரிமம் தருகிறது.